33 ஆயிரமா, 49 ஆயிரமா? எஃப்.பி.ஜி.ஏ. வாங்கும் முன்

கேள்வி: மோட்டார், பம்பு சோதனைக்கான அதிர்வுப் பதிவுக் கருவி செய்யும் சிறிய நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். புதிய மாடலில் எட்டு சென்சார். ஒவ்வொன்றிலிருந்தும் விநாடிக்கு 50,000 சாம்பிள், 16 பிட். ஒவ்வொரு சேனலுக்கும் 128 டேப் எஃப்.ஐ.ஆர். ஃபில்டர் (கடைசி 128 சாம்பிளையும் தனித்தனிக் குணகத்தால் பெருக்கிக் கூட்டும் வடிகட்டி) வேண்டும். கோளாறு தெரிந்த கணத்துக்கு முந்தைய கால் விநாடித் தரவு முழுவதும் கையில் இருக்க வேண்டும் என்பது வாடிக்கையாளர் நிபந்தனை. பழைய இரண்டு சேனல் மாடலை ஆல்டெராவின் சைக்ளோன் 4 எஃப்.பி.ஜி.ஏ.வில் (உள்ளிருக்கும் லாஜிக்கை நாமே எழுதி மாற்றிக்கொள்ளும் சிப்) செய்தோம். இப்போது பட்டியலில் இருப்பவை: ஏ.எம்.டி. சைலின்க்ஸின் ஆர்டிக்ஸ்-7 35டி (33 ஆயிரம் லாஜிக் செல், 90 டி.எஸ்.பி. எனும் பெருக்கிக் கூட்டும் பிளாக்), ஆல்டெராவின் சைக்ளோன் 5 ஏ4 (49 ஆயிரம் எல்.இ. எனும் லாஜிக் எலிமென்ட், 66 டி.எஸ்.பி.), லாட்டிஸின் ஈ.சி.பி.5-25 (24 ஆயிரம் லட் எனும் சிறு லாஜிக் அட்டவணை, 28 பெருக்கி). மூன்று விற்பனையாளர்களும் தங்களுடையதே சரி என்கிறார்கள். எதை எடுப்பது? — கோவை வாசகர்

பதில்: முதலில் அந்த 33, 49, 24 மூன்றையும் அடித்துவிடுங்கள். மூன்றும் வேறு வேறு அளவுகோலில் எடுத்த எண்கள். அடுக்குமாடி வீடு விற்பவர் சொல்லும் சூப்பர் பில்டப் சதுர அடி மாதிரிதான். உள்ளே போய் டேப் பிடித்தால்தான் அறையின் அளவு தெரியும்.

ஆர்டிக்ஸ்-7 35டி-க்குள் இருப்பவை 20,800 லட். ஒவ்வொன்றும் ஆறு உள்ளீடு கொண்டது. பழைய நான்கு உள்ளீட்டு லட்டோடு ஒப்பிட்டு, ஒன்றை 1.6 ஆகக் கணக்கு வைத்துப் பெருக்கினால் 33,280. அதுதான் அட்டையில் வரும் 33 ஆயிரம். சைக்ளோன் 5 ஏ4-இல் இருப்பவை ஆல்டெராவின் லாஜிக் அலகான ஏ.எல்.எம். 18,480. அவர்கள் ஒன்றை 2.65 ஆக எண்ணுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 49 ஆயிரம் வந்துவிடும். ஈ.சி.பி.5 மட்டும் நான்கு உள்ளீட்டு லட்டை உள்ளபடியே எண்ணிச் சொல்கிறது. ஏ.எல்.எம். ஒன்று ஆறு உள்ளீட்டு லட் ஒன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கக்கூடியது, மறுக்கவில்லை. ஆனால் அட்டை காட்டுகிற ஒன்றரை மடங்கு இடைவெளி உண்மையில் கிடையாது. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சிப் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது நிச்சயமாகச் சின்னது. உங்கள் வேலைக்கு மூன்றிலும் லாஜிக் மிஞ்சும் என்பதால் இந்தப் பேச்சை இத்தோடு விடலாம்.

அடுத்தது டி.எஸ்.பி. 90, 66, 28 என்று பார்த்ததும் 90-இன் பக்கம் மனது சாய்வது இயல்பு. உங்கள் கணக்கைப் போடுவோம். 8 சேனல் × 50,000 சாம்பிள் × 128 டேப் என்றால் விநாடிக்கு 5 கோடியே 12 லட்சம் பெருக்கிக் கூட்டல். 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு பெருக்கி விநாடிக்கு 10 கோடி செய்யும். அதாவது, எட்டு சேனலையும் வரிசையாக ஒரே டி.எஸ்.பி. பிளாக்கில் ஓட்டினாலும் பாதி நேரம் அது சும்மாதான் இருக்கும். சேனலுக்கு ஒரு ஃபில்டர், டேப்புக்கு ஒரு பெருக்கி என்று கோட் எழுதினால் 1,024 பெருக்கி கேட்கும். அதற்கு இந்த மூன்று சிப்பும் போதாது. குறை சிப்பிலா, கோடிலா என்று விற்பனையாளர் சொல்லமாட்டார். பெருக்கியின் எண்ணிக்கையைவிட, அதன் பின்னால் இருக்கும் கூட்டியின் அகலத்தைப் பாருங்கள். ஆர்டிக்ஸில் 25×18 பெருக்கிக்குப் பின் 48 பிட் கூட்டி. 16 பிட் தரவை 16 பிட் குணகத்தோடு பெருக்கி 128 முறை கூட்டினால் மோசமான நிலையில் 39 பிட் ஆகும். இங்கே தாராளமாக அடங்கும்.

சரி, எது தீர்மானிக்கும்? நினைவகம்.

கால் விநாடி என்றால் சேனலுக்கு 12,500 சாம்பிள். எட்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் சொல், அதாவது 16 லட்சம் பிட். அட்டைப்படி ஆர்டிக்ஸ் 35டி-இல் 1,800 கிலோபிட் பிளாக் ரேம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) இருக்கிறது, போதும்போல் தெரியும். ஆனால் அந்த 36 கிலோபிட் பிளாக்கில் ஒன்பதில் ஒரு பங்கு பாரிட்டி (பிழை சரிபார்ப்பு) பிட்டுக்கானது. 16 பிட் அகலத் தரவு அதைத் தொடாது. ஒரு பிளாக்கில் நீங்கள் நிரப்பக்கூடியது 32,768 பிட் மட்டுமே. 16 லட்சத்தை அதால் வகுத்தால் 49 பிளாக். சிப்பில் இருப்பதே 50. எஃப்.ஐ.ஆரின் பழைய சாம்பிள்களுக்கு (8 × 128 × 16 = 16,384 பிட்) மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடும். முகவரி எளிதாக இருக்கட்டும் என்று ஆழத்தை இரண்டின் அடுக்கான 1,31,072 என வைத்தீர்களானால் 64 பிளாக் கேட்கும், சிப்பிலேயே இடமில்லை. இன்னொன்று: சிப்புக்குள் சிக்னலைப் பார்க்க சைலின்க்ஸின் வடிவமைப்பு மென்பொருளான விவாடோ தரும் ஐ.எல்.ஏ.வும் பிளாக் ரேமில்தான் பதிவுசெய்யும். ஐம்பதும் தீர்ந்த சிப்பில் பிழை தேடுவது எப்படிப்பட்ட அனுபவம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சைக்ளோன் 5 ஏ4-இல் 308 எம்10கே பிளாக். பெயரில் பத்து இருந்தாலும் 16 பிட் அகலத்தில் ஒன்றில் அடங்குவது 8,192 பிட். அப்படிப் பார்த்தாலும் 196 பிளாக் போதும். ஐ.எல்.ஏ. போல ஆல்டெரா தரும் சிக்னல் டேப்புக்கு இடம் இருக்கும். ஈ.சி.பி.5-25-இல் 56 பிளாக், ஒன்றுக்கு 16,384 பிட். மொத்தம் சுமார் 9 லட்சம். தேறாது. அதன் அண்ணன் 45-இல் 108 பிளாக், 98 செலவாகும்; தேறும், ஆனால் இறுக்கம்.

பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஒன்றை இங்கே இழுக்கிறேன்: ஆல்டெராவின் மேக்ஸ் 10. சைக்ளோன் 4 செய்த உங்கள் குழு ஏற்கெனவே ஆல்டெராவின் மென்பொருளான குவார்ட்டஸில் பழகியது. மேக்ஸ் 10-உம் அதே குவார்ட்டஸ் லைட்டில் இலவசமாக ஓடும். கன்ஃபிகரேஷன் ஃபிளாஷ் (உங்கள் வடிவமைப்பைச் சேமிக்கும் நினைவகம்) சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒற்றை சப்ளை வகையை எடுத்தால் 3.3 வோல்ட் ஒன்றே போதும், ஆர்டிக்ஸுக்கு 1.0, 1.8 வோல்ட்டும் அதற்கு மேல் சிப்பின் கால்களுக்கான (பின்) வோல்ட்டேஜும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கால்கள் பக்கவாட்டில் தெரியும் 144 கால் கியூ.எஃப்.பி. பொதியும் உண்டு. ஆர்டிக்ஸ்-7-உம் சைக்ளோன் 5-உம் அடியில் பந்துகளால் ஒட்டும் பி.ஜி.ஏ. பொதியில் மட்டுமே வருகின்றன. எக்ஸ்ரே வசதி இல்லாத அசெம்பிளிக் கடையில் கொடுத்தால் கீழே ஒரு பந்து சரியாக ஒட்டாததைக் கண்டுபிடிப்பதற்குள் வாரம் போய்விடும். ஈ.சி.பி.5-இலும் 144 கால் வகை உண்டு என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மேக்ஸ் 10-இன் பெரிய சிப்பான 50-இலேயே இருப்பது 182 எம்9கே பிளாக், 16 பிட் அகலத்தில் சுமார் 14.9 லட்சம் பிட். உங்கள் 16 லட்சத்துக்கு ஒரு லட்சம் குறைகிறது! வாடிக்கையாளரிடம் கால் விநாடியை ஐந்தில் ஒரு விநாடியாக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் 157 பிளாக்கில் முடிந்துவிடும்.

சம்மதிக்காவிட்டால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. எட்டுக் கால் கொண்ட 64 மெகாபிட் எஸ்.பி.ஐ. (தொடர் இணைப்பு) பி.எஸ்.ரேம் எனும் தனி நினைவகச் சிப் ஒன்றை போர்டில் வைத்துவிடுங்கள். உங்கள் தரவு விநாடிக்கு 6.4 மெகாபிட்தான், கால் விநாடி இருந்த இடத்தில் பத்து விநாடி பதிவு கிடைக்கும். வாடிக்கையாளர் கேட்காததையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: பி.எஸ்.ரேம் உள்ளுக்குள் டைனமிக் நினைவகம், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள நேரம் வேண்டும். அதனால் சிப் செலக்ட் காலைச் சில மைக்ரோவிநாடிக்கு மேல் தொடர்ந்து கீழே பிடித்து வைக்கக் கூடாது. சின்னச் சின்ன பர்ஸ்ட்டாக எழுதுங்கள், முன்னால் ஒரு பிளாக் ரேம் ஃபிஃபோ (முதலில் வந்ததை முதலில் அனுப்பும் வரிசை) வையுங்கள். இந்த வழிக்குப் போனால் 16 ஆயிரம் எல்.இ. கொண்ட மேக்ஸ் 10-16-ஏ போதும். அதிலேயே 45 பெருக்கி இருக்கிறது. ஈ.சி.பி.5-25-உம் மறுபடி ஆட்டத்துக்கு வந்துவிடும்.

சீனாவின் கோவின் நிறுவனம் பொதிக்குள்ளேயே 64 மெகாபிட் எஸ்.டி.ரேமை வைத்து ஜி.டபிள்யூ.2ஏ.ஆர்-18 என்ற சிப்பை விற்கிறது. டேங் நேனோ 20கே போர்டில் இருப்பது அதுதான். வாங்கிச் சோதித்துப் பார்க்கத் தகுந்தது. விற்கும் கருவிக்குள் வைக்கும் முன் அதன் மென்பொருளைக் கற்க நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

இப்போது, சைலின்க்ஸுக்குத்தான் மாற வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தால் என்னென்ன இடிக்கும் என்று சொல்லிவைக்கிறேன். பெரிய இடி ரீசெட்டில். ஆல்டெரா பழக்கத்தில் எல்லா ரெஜிஸ்டருக்கும் அசிங்க்ரனஸ் (கடிகாரத் துடிப்புக்குக் காத்திராத) ரீசெட் கொடுத்திருப்பீர்கள். ஆர்டிக்ஸின் டி.எஸ்.பி. பிளாக்குக்குள் இருக்கும் பைப்லைன் ரெஜிஸ்டர்களுக்கு சிங்க்ரனஸ் ரீசெட் மட்டுமே உண்டு. உங்கள் கோடில் இருப்பது பொருந்தாததால் விவாடோ அந்த ரெஜிஸ்டர்களை உள்ளே இழுக்காமல் வெளியில் லாஜிக்கில் வைத்துவிடும். பிழைச் செய்தி வராது, சிமுலேஷனும் சரியாக ஓடும், டைமிங் மட்டும் விழும், அதாவது கேட்ட கடிகார வேகத்தை எட்டாது. "சைலின்க்ஸ் மெதுவானது" என்று அதைப் பார்த்துச் சிலர் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பெருக்கல் பாதையில் ரீசெட்டையே எடுத்துவிடுங்கள். 128 சாம்பிள் கடந்தால் பழைய குப்பை தானே வெளியேறிவிடும்.

வேகத் தரம் இன்னொரு குழி. சைலின்க்ஸில் 1, 2, 3 என்று எண் ஏற ஏற வேகம். சைக்ளோன் 5-இல் 6, 7, 8. அங்கே 6-தான் வேகமானது. ஈ.சி.பி.5-இலும் அதே 6, 7, 8, ஆனால் 8 வேகமானது. கொள்முதல் பிரிவுக்கு அனுப்பும் தாளில் முழுப் பார்ட் நம்பரையும் எழுதுங்கள்; "8 கிரேடு" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடாதீர்கள்.

மின்சாரம் வந்ததும் எத்தனை நேரத்தில் உயிர்பெறும் என்பதையும் பாருங்கள். ஆர்டிக்ஸ் 35டி-இன் பிட்ஸ்ட்ரீம் (மின்சாரம் வந்ததும் சிப்பில் ஏறும் வடிவமைப்புக் கோப்பு) சுமார் 1.75 கோடி பிட். விவாடோ கேட்காமலே வைக்கும் 3 மெகாஹெர்ட்ஸ், ஒரு பிட் எஸ்.பி.ஐ.யில் விட்டால் அது ஏற ஏறக்குறைய 6 விநாடி. 33 மெகாஹெர்ட்ஸ், நான்கு பிட் என்று இரண்டு வரி கட்டுப்பாட்டுக் கோப்பில் சேர்த்தால் 0.13 விநாடி. அதுவரை கால்கள் அந்தரத்தில் இருக்கும், அல்லது உள் புல்-அப்பில் மேலே இருக்கும். மோட்டார் ரிலேயை இயக்கும் காலுக்கு வெளியில் புல்-டவுன் ரெசிஸ்டர் கட்டாயம். மேக்ஸ் 10-இல் இந்தத் தலைவலி குறைவு. அதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு: இரண்டு இமேஜ் (வடிவமைப்புக் கோப்பு) வைக்கும் முறையைத் தேர்ந்தால் பிளாக் ரேமுக்கு ஆரம்ப மதிப்பு ஏற்ற முடியாது. ஃபில்டர் குணகங்களை ரோமாக எழுதியிருந்தால் ஒற்றை இமேஜில் நினைவகத் தொடக்கத்தோடு கூடிய முறையைத்தான் எடுக்க வேண்டும்.

போர்டு வரையத் தொடங்கும் முன் உங்கள் கோடையே மூன்று நிறுவனத்தின் மென்பொருளிலும் ஓட்டுங்கள். விவாடோவின் இலவசப் பதிப்பு ஆர்டிக்ஸ்-7-ஐ ஏற்கிறது, குவார்ட்டஸ் லைட் மேக்ஸ் 10, சைக்ளோன் 5 இரண்டையும் ஏற்கிறது, லாட்டிஸ் டயமண்டுக்கு இலவச லைசென்ஸ் கிடைக்கிறது. சிந்தஸிஸ் (கோடை லாஜிக்காக மாற்றும் படி) முடிந்ததும் வரும் எண்ணை நம்பாதீர்கள். பிளேஸ் அண்டு ரூட் (லாஜிக்கை சிப்பில் இடம் வைத்து இணைக்கும் படி) முடிந்த பிறகான பயன்பாட்டு அறிக்கையும் மிக மோசமான ஸ்லாக்கும் (கடிகாரத்துக்குள் மிஞ்சும் நேரம்) தான் கணக்கு. வெளியீட்டை எந்தக் காலோடும் இணைக்காமல் ஓட்டினால் மென்பொருள் மொத்த ஃபில்டரையும் வேண்டாத பொருளாகக் கருதித் தூக்கிவிட்டு மூன்று லட் என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். பி.எல்.எல். (கடிகாரத்தை உருவாக்கும் பிளாக்), ரேம், பெருக்கி மூன்றையும் தனித்தனி உறைக் கோப்பில் வைத்தால் சிப் மாற்றும்போது தொட வேண்டியது அந்த மூன்றை மட்டுமே. சாஃப்ட் ப்ராசஸர் (சிப்பின் லாஜிக்கிலேயே கட்டும் ப்ராசஸர்) சேர்ப்பதாக இருந்தால் ஆல்டெராவின் நியோஸ் 2 பக்கம் போகாதீர்கள். அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று, ஆல்டெரா, ஏ.எம்.டி. இரண்டும் இப்போது ரிஸ்க்-5 எனும் திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையிலான ப்ராசஸரையே முன்வைக்கின்றன.

நிறுவனங்கள் கைமாறியதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சைலின்க்ஸை ஏ.எம்.டி. வாங்கியது 2022-இல். ஆல்டெராவை இன்டெல் 2015-இல் வாங்கி, 2025-இல் 51 சதவீதத்தை சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. மென்பொருள்களும் சிப் குடும்பங்களும் அப்படியேதான் ஓடுகின்றன. விலையை மட்டும் உங்கள் ஆண்டுத் தேவையைச் சொல்லி அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் சிப்புகளில் பழைய போர்டிலிருந்து பிரித்தெடுத்துப் பந்து மாற்றியவையும் கலந்திருக்கும்.

என் தேர்வு: ஒற்றை சப்ளை மேக்ஸ் 10-16, 144 கால் பொதி, பக்கத்தில் ஒரு பி.எஸ்.ரேம். குவார்ட்டஸில் கால்களை ஒதுக்கும்போதே மைக்ரேஷன் சாதனமாக 50-ஐயும் குறித்துவிடுங்கள். இரண்டுக்கும் பொருந்தும் கால்களை மட்டும் அது அனுமதிக்கும், நாளைக்கு பெரிய சிப் தேவைப்பட்டால் போர்டு மாற்ற வேண்டியிருக்காது. அந்தப் பொதியின் அடியில் இருக்கும் உலோகத் தகடு வெப்பத்துக்கு மட்டுமானது இல்லை, கிரவுண்டும் அதுதான். லேஅவுட் செய்பவரிடம் சொல்லி அதற்கு பேடும் வயாக்களும் போடச் சொல்லுங்கள்.