ஐப்பசி மழையில் ஓலைப்பெட்டிக் கடை போடலாமா?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நாலு பெண்கள் சேர்ந்து பனையோலையில் மூடிபோட்ட பெட்டி, கொட்டான் என்னும் சின்ன ஓலைக்கூடை, விசிறி, தாம்பூலப் பை முடைகிறார்கள். இதுவரை வீட்டுக்கு வரும் வியாபாரியிடமே கொடுத்துவந்தார்கள். பெரிய பெட்டி ஒன்றுக்கு 150 ரூபாய். இப்போது ஐப்பசியில் நாகர்கோவிலில் ஐந்து நாள் கைவினைக் கண்காட்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதற்கடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் இன்னொன்று. "மழையில் ஓலை பூத்துப்போகுமே, வாடகையும் கட்டி நட்டப்படவா? என்ன விலை வைப்பது? திருவனந்தபுரத்துக்குச் சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

போங்கள், சகோதரி. ஆனால் வீட்டில் இப்போது கட்டிவைத்திருக்கும் சரக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் மழை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடி மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் போய்ச் சில நாள் அப்படியே நின்றால் ஓலையில் பூசணம் வரும். மழை நேராகப் பெட்டிமேல் விழ வேண்டும் என்பதே இல்லை. நிறையப் பேர் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறார்கள், காற்றை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ராத்திரி கடையை அடைக்கும்போது மழைக்குப் பயந்து அறுபது பெட்டிகளையும் பாலித்தீன் உறையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே, பின்னல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒவ்வொரு மடிப்பிலும், மாவு தூவினாற்போல வெள்ளை. ஓலைக்குள் இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உறைக்குள்ளேயே வேர்த்திருந்தது. துணியால் துடைத்தோம், போனது. ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த வாடை இருந்தது. அன்றைக்கு விற்காமல் எடுத்துவைத்தோம். ஓலைப்பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். பனையோலை வாசம்தான் அவர்களுக்கு வேண்டும்.

வெள்ளைப் பூசணம் மேலோடு நிற்கும். காய்ந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் மூடியைத் தனியாக வைத்துக் காயவைத்தால் பெட்டி தப்பித்துக்கொள்ளும். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் அது நாரோடு ஏறிவிட்டது என்று அர்த்தம், எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. அதை விலை குறைத்துக்கூட விற்காதீர்கள். நூறு ரூபாய்க்கு வாங்கிப்போனவர் அடுத்த வருடம் உங்கள் கடையைத் தாண்டிப் போய்விடுவார்.

முடையும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓலை தானாகவே பதமாக இருக்கும், முறியாது, விரலுக்கு வளைந்துகொடுக்கும். அதனால் கை வேகமாகப் போகும். ஆனால் ஈரத்தோடு நெருக்கி முடைந்த பெட்டி காயும்போது ஓலை சுருங்கிப் பின்னலில் இடைவெளி விடும். ஐப்பசியில் கச்சிதமாக உட்கார்ந்த மூடி பங்குனியில் லொடலொடக்கும். குருத்தோலையில் இது இன்னும் கூடுதல். ஓலையை நனைத்து ஊறவைக்காமல் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு முடையுங்கள். முடைந்து இரண்டு நாள் காற்றாட வைத்து, பின்னலை விரலால் நெருக்கிவிட்டு, அதற்கப்புறம் விளிம்பு கட்டுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த இரண்டு நாளைத்தான்.

நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில்தான் ஓலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். புகையும் சூடும் ஈரத்தையும் பூச்சியையும் அண்டவிடாது. இப்போது கேஸ் அடுப்பு வந்துவிட்டது, பரணும் இல்லை. அதற்குப் பதில் ஒரு மர அலமாரியில் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பெட்டிகளை அடுக்குங்கள். அந்தச் சூடு போதும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது பாலித்தீன் வேண்டாம், பழைய பருத்திச் சேலையில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கசக்கிய செய்தித்தாள் ஒரு உருண்டை. ராத்திரிதோறும் அந்தத் தாளை மாற்றுங்கள், காலையில் தொட்டால் அது நமத்திருப்பது தெரியும். கடையில் தரையில் எதையும் வைக்காதீர்கள், பலகை போட்டு ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். விலைச்சீட்டைக் குண்டூசியாலோ ஸ்டேப்ளராலோ குத்தினால் இரண்டே நாளில் துரு இறங்கி ஓலையில் கறை பிடிக்கும். நூலால் கட்டுங்கள்.

அடுத்தது விலை. 150 ரூபாய் என்று படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பெரிய பெட்டி ஒன்று முடைய அரைநாள் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அரைநாளுக்கு 168. ஓலை, சாயம், நார் எல்லாம் சேர்த்து 35 என்கிறீர்கள். மொத்தம் 203. அதாவது ஒவ்வொரு பெட்டியிலும் 53 ரூபாயை நீங்கள் அந்த வியாபாரிக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்காட்சிக் கணக்கு வேறு. கடை வாடகை 3,000, வண்டியும் சாப்பாடும் ஐந்து நாளுக்கு 2,000 என்று வைத்துக்கொள்வோம். இதோடு நிறுத்தினால் கணக்கு தப்பு. இரண்டு பேர் ஐந்து நாள் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தக் கூலி? 3,360 ரூபாய். ஆக 8,360. நூறு பெட்டி விற்றால் ஒன்றுக்கு 84 ரூபாய் ஏறும். 203-ஓடு சேர்த்தால் 287. எனவே பெரிய பெட்டிக்கு 350-க்குக் குறையாமல் விலைச்சீட்டுக் கட்டுங்கள். பேரம் பேசினால் 20 ரூபாய் குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். "சந்தையில நூறு ரூவாய்க்குக் கிட்டுமே" என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம். கடையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் கடை முன்னால் உட்கார்ந்து முடைந்துகொண்டே இருங்கள். ஓலையைக் கிழித்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஒரு மூலை திருப்புவதற்குள் பத்து நிமிடம் போவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் கேள்வி பாதி குறைந்துவிடும். முடைகிற ஓலைக்கட்டு ஈரத்துணியில் இருக்கும், அதை விற்கும் சரக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நூறு பெரிய பெட்டியும் நாகர்கோவிலில் ஐந்து நாளில் போகும் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது கொண்டுபோங்கள், மீதி இடத்தில் 50 முதல் 120 ரூபாய்க்குள் சின்னச் சாமான்கள். பெரியதற்கு ஆர்டர் எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளி நேரமாதலால் பலகாரம் வைத்துக் கொடுக்கக் கொட்டான் கேட்பார்கள்.

எந்தச் சரக்கு எந்த மாதம் என்பதை இங்கே திருவிழாக்கள்தான் தீர்மானிக்கின்றன. புரட்டாசியில் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் புறப்படும் நாட்களிலேயே வீடுகளில் கொலு வேலை தொடங்கிவிடும். தாம்பூலப் பைக்கு அதுதான் காலம், ஆனால் ஆர்டரை ஆடியிலேயே பிடிக்க வேண்டும். கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அவர்கள் பையில் இடமிருக்காது, விசிறியும் கைக்கடக்கமான பெட்டியும்தான் போகும். டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் நம் ஊர்க் குடும்பங்கள். அவர்களுக்குச் சுளகும் (முறம்) வீட்டுப் புழக்கத்துக்கான பெட்டியும் வேண்டும். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ். ஓலையில் நட்சத்திரம் கட்டத் தெரிந்தவர் உங்களில் இருந்தால் ஐப்பசியிலேயே தொடங்கிவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் பெரிய பெட்டி வாங்குவதும் அப்போதுதான்.

திருவனந்தபுரம் விஷயம். களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம், அங்கே போய் விற்பது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. பொதுவாக அதற்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆனால் அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, முடைந்த கூடை, பெட்டி வகைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. பான் அட்டை கட்டாயம். சரக்கை வண்டியில் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற சீட்டும் கட்டாயம், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும்கூட. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல்தான் பலர் வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி எண்ணைப் போட்டு, புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை உங்கள் நால்வரிடமும் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். அரசு நடத்தும் கண்காட்சிகளில் கடை கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். குழுத் தலைவி பெயரில் மட்டும் எடுத்தால் போதாது, அட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனி.

ஐந்தாம் நாள் ராத்திரி மிஞ்சிய பெட்டிகளோடு வீடு திரும்புவீர்கள். அலுப்பாக இருக்கும், கட்டை மறுநாள் அவிழ்க்கலாம் என்று தோன்றும். அன்றைக்கே அவிழ்த்து, மூடிகளைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.