மருமகளிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்

கேள்வி: ராணுவத்தில் சிப்பாயாக இருந்த என் மகன் எல்லைச் சண்டையில் வீரமரணம் அடைந்தான். அவன் சம்பளத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் அவன் பெயரில் இருக்கிறது. பேங்க் கணக்குக்கு என் மனைவி நாமினி. கருமாதி முடிந்த கையோடு மருமகள் மூன்று வயதுப் பேரனுடன் தாய்வீடு போய்விட்டாள். மறுமணப் பேச்சும் நடக்கிறதாம். நிலமும் பென்ஷனில் பாதியும் எங்களுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறாள். செல்லுமா?

பதில்: ஐயா, பிள்ளையைப் பறிகொடுத்த உங்களிடம் சட்டம் பேசுவது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் மருமகள் எப்போது போனார், யாரை மணக்கப் போகிறார் என்பதெல்லாம் வழக்குக்கு உதவாது. மறுமணம் செய்தாலும் அவருக்கு வந்த பங்கு போகாது. மகன் உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன் மூவருக்கும் சமபங்கு. தந்தைக்கு இல்லை. நாமினி பணத்தை வாங்கலாம். வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

பென்ஷன் உங்கள் மகனின் சொத்துக் கணக்கிலேயே வராது. இனி வரப்போகும் பென்ஷனை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் 1871ஆம் ஆண்டு பென்ஷன் சட்டம் 12ஆம் பிரிவின்படி செல்லாது. அந்தப் பேச்சை விடுங்கள்.

எனக்குப் பயம் நிலத்தைப் பற்றித்தான். மருமகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். பேரன் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் எழுதித்தர அவருக்கு அதிகாரம் இல்லை. பெற்ற தாயே கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று நம்பி நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் வீடும் கட்டிவிட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு 18 வயது முடிந்தது. மூன்று வருட அவகாசத்துக்குள் வழக்குப் போட்டான். வாங்கியவர் இவர்கள் சட்டையைப் பிடித்தார். பஞ்சாயத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் அப்போது உயிரோடு இல்லை.

கோபத்தில், பென்ஷன் கோப்பைக் கவனிக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு வாரிசுத் தகராறு என்று மனு எதுவும் அனுப்பாதீர்கள். தீர்ப்பு வரும்வரை யாருக்கும் பணம் வராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இதில் முதலில் அடிபடுவது உங்கள் பேரன்தான்.

சமாதானமாகப் போங்கள். மருமகளின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் உங்கள் மனைவி பெயருக்கு விடுதலைப் பத்திரமாக, அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமாக, பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு ஈடாக பேங்க் பணத்தில் உங்கள் மனைவிக்குரிய பங்கை மருமகளுக்கு விட்டுக்கொடுங்கள். பேரன் பங்குப் பணத்தை அவன் பெயரில் டெபாசிட் செய்யுங்கள். அவன் பங்கு நிலத்தில் நீங்கள் உழுது பயிர் வைக்கலாம், மருமகள் சம்மதத்தோடு. விற்கவோ அடமானம் வைக்கவோ நினைக்காதீர்கள்.