அன்றைக்கு அறுத்த கறி ரப்பரானது ஏன்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, கண்ணெதிரே அறுத்த வெள்ளாட்டில் ஒன்றரைக் கிலோ தொடைக்கறி வாங்கினேன். பாதியை 7 மணிக்கே குழம்பு வைத்தோம், பூப்போல வெந்தது. மீதியை உடனே ஃப்ரீசரில் வைத்துப் புதன்கிழமை எடுத்துச் சமைத்தபோது, அதே குக்கரில் அத்தனை விசில் விட்டும் துண்டுகள் சுருங்கி ரப்பராகிவிட்டன. அப்பாவுக்கு இரவெல்லாம் வயிறு மந்தம். கடைக்காரர் வேறு கறியைக் கலந்துவிட்டாரா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தவறு கடையில் அல்ல, ஃப்ரீசரில் நடந்திருக்கிறது. தசையைச் சுருக்கி விரிக்கும் மயோசின், ஆக்டின் என்ற இரு புரதங்களும் ஒன்றையொன்று பற்றிய பின் விலக வேண்டுமானால் ஏடிபி என்னும் ஆற்றல்பொருள் வேண்டும். அறுத்த சில மணி நேரத்தில் அது தீர்ந்துபோக, பிடி இறுகித் தசை விறைக்கிறது. விறைப்பதற்கு முன்பே நீங்கள் அடுப்பில் ஏற்றிய பாதி மிருதுவாக வெந்ததில் வியப்பில்லை. மீதியோ ஏடிபி தீருமுன் உறைந்து, உருகும்போது தசைக்குள் கால்சியம் கசிந்ததால், இழுத்துப் பிடிக்க எலும்பும் இல்லாமல் ஒரேயடியாகச் சுருங்கி, அந்த நிலையிலேயே இறுகிவிட்டது. இதற்கு மேலும் இரண்டு விசில் விட்டிருந்தால் சாறு வெளியேறியிருக்குமே தவிர, பிடி தளர்ந்திருக்காது.

கறியைக் கடினமாக்கும் இன்னொரு புரதம் கொலாஜன். இதன் இழைகளுக்கு இடையிலான பிணைப்பு ஆட்டின் வயதோடு வலுவடைகிறது. ஓயாமல் உழைக்கும் கால், கழுத்துப் பகுதிகளில் இது அதிகம். இது மட்டும் ஈரத்தோடு நெடுநேரம் வேகவைத்தால் கரைந்து ஜெலட்டினாகும். கால் சூப்பு ஆறியதும் கட்டியாக உறைவது அதனால்தான். ஆகவே முற்றல் கறிக்குக் குக்கர் உதவும், உங்கள் புதன்கிழமைக் கறிக்கு உதவாது.

ஃப்ரீசரில் வைக்குமுன் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் காத்திருந்தால் கறி இப்படிச் சுருங்காது. சுவைக்கும் இதே காத்திருப்புதான் வேண்டும். ஃப்ரிட்ஜில் உறையாமல் ஓரிரு நாள் இருக்கும் கறியில் தசையின் சொந்த நொதிகளே புரத இழைகளை அங்கங்கே வெட்டிவிடுகின்றன. அப்போது விடுபடும் அமினோ அமிலங்களும், ஏடிபி சிதைந்து உருவாகும் இனோசினிக் அமிலமும் கறிச்சாற்றுக்கு அழுத்தமான ருசி தருகின்றன. வறுக்கும்போது எழும் மணத்திலும் அந்த அமினோ அமிலங்களுக்குப் பங்குண்டு. 'இப்போதுதான் அறுத்தது' என்ற கூவலுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு சற்று மிகையானது என்பது என் கருத்து. ஆட்டு வாடை மட்டும் பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வருவது.

அப்பாவின் மந்தத்துக்குப் புரதம் செரிக்காததுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். அளவாக வெந்த இறைச்சிப் புரதத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் உடல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சரியாக மெல்லாமல் விழுங்கிய பெரிய துண்டுக்குள் செரிமான நொதிகள் மெதுவாகத்தான் புகும். கொழுப்பும் சேர்ந்தால் வயிறு காலியாக இன்னும் நேரமாகும். அவருக்குச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். பச்சைப் பப்பாளி விழுது அரை மணி நேரம் தடவி வைத்தால் அதிலுள்ள நொதி இழைகளைத் தளர்த்தும். மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் கறி கூழாகிவிடும்.

அடுத்த முறை அன்றே சமைக்கும் அளவுக்கு மட்டும் வாங்கி உடனே சமையுங்கள். சேமிப்பதானால், எலும்போடு பெரிய துண்டாக வாங்கி, மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்த பிறகே ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். தட்டில் சேரும் சிவப்பு நீரைக் கண்டு, ரத்தம் வடிக்காத கறி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தசைநீர்.