வீட்டை அடகு வைக்காதீர்கள் அக்கா, உங்கள் மகளுக்கு ஆய்வுக்கூடம் பிடித்திருக்கிறது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகள், செம்பனைக் குலை லோரி ஓட்டும் அப்பா, சிறுதோட்டக்காரர் ஒருவரின் கித்தா (ரப்பர்) மரங்களில் இன்னும் பால் வெட்டும் அம்மா, கூடவே தாய்மாமன். பேச்சை ஆரம்பித்தவர் மாமாதான். "பயாலஜில ஏ எடுத்திருக்கா சார். டாக்டருக்குப் போட்டுரலாம். ஏஜெண்டு ஒருத்தரு இருக்காரு, பிசிக்ஸ் மார்க் ஒரு பிரச்சினையே இல்லன்னு சொல்றாரு." அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டை பேங்கில் வைத்து, இபிஎஃப் சேமநிதிப் பணத்தையும் எடுத்தால் எவ்வளவு தேறும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாங்க பண்றது சரிதானா சார்?"

சரியில்லை அக்கா. மாமா எதிரில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகவே சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும்.

முதலில் அந்த பிசிக்ஸ். மகள் எடுத்திருப்பது சி பிளஸ். மருத்துவம் படிக்க எஸ்.பி.எம்.-இல் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், இன்னொரு பாடம் என ஐந்திலும் குறைந்தது பி வேண்டும். எந்த நாட்டுக்குப் போய்ப் படித்தாலும் திரும்பி வந்து நிற்க வேண்டிய இடம் மலேசிய மருத்துவ மன்றத்தின் வாசல்தான். ஏஜெண்டு விமானம் ஏற்றிவிடுவார், அங்கே வந்து நிற்கமாட்டார். சரி, பி இருந்தால்? அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தனியார் கல்லூரியில் மூன்று லட்சம், நான்கு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) சர்வசாதாரணம். ஐந்து வருடம் படித்து, இரண்டு வருடம் பயிற்சி மருத்துவராக இருந்த பிறகும் நிரந்தர வேலை கையில் இருக்குமா? 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்தத்தில்தான் எடுத்து வருகிறது. 2021 ஜூலை 26-இல் கறுப்பு உடை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வளாகங்களில் வந்து நின்ற இளம் டாக்டர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். லோரி ஓட்டிச் சேர்த்த வீட்டை இதற்குப் பணயம் வைப்பதை நான் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் உங்கள் மகள்தான். நீங்கள் மூவரும் பாரம் எழுதிக்கொண்டிருந்தபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். நோயாளிகளோடு பேசிப் பேசி வேலை செய்ய அவளுக்கு மனமில்லை. "உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும் சார், அதுதான் பிடிக்குது" என்றாள். விடியுமுன் வெட்டினால்தான் ஏன் பால் நிறைய வருகிறது என்று உங்களிடம் கேட்டாளாம். "அது அப்படித்தான்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். அவள் விடவில்லை, தேடிப் படித்திருக்கிறாள். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்ச் செல்களில் இரவு முழுக்க நீரழுத்தம் ஏறியிருக்கும், வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அது இறங்கிவிடும் என்று எனக்கே விளக்கினாள். நீங்கள் மங்குக் கோப்பையில் பிடிக்கும் பால் அந்தச் செல்களின் உள்நீர்தான் என்றும் சொன்னாள். பதினேழு வயதுப் பிள்ளை, தன் அம்மாவின் வேலைக்குள் செல்லியலைக் கண்டுபிடித்திருக்கிறாள் அக்கா. இந்த நாட்டத்தை மாமாவின் கௌரவத்துக்காக வீணாக்கக் கூடாது.

தாதிமை, பிசியோதெரபி, பார்மசி பற்றி உறவுக்காரர்கள் எல்லாருமே சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப டிப்ளோமா. மூன்று வருடப் படிப்பு. ரத்தம் எடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நடக்கிற வேலை என்பதால் நம் ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை.

அங்கே என்ன செய்வாள்? ஒரு குழாய் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல், வெளியே ரத்தநீரான பிளாஸ்மாவில் 3.5-லிருந்து 5 வரைதான். செல்லின் சவ்வில் இருக்கும் பம்ப், மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த வித்தியாசத்தை ஓயாமல் காப்பாற்றுகிறது. யாராவது குழாயை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் செல்கள் உடைந்து பொட்டாசியம் வெளியே கொட்டும். பிரித்தெடுக்காத ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தாலும் குளிரில் பம்ப் மந்தமாகிப் பொட்டாசியம் கசியும். மிஷின் 7 என்று காட்டும், இதயம் நிற்கப்போகிறது என்று வார்டில் பதறிப்போய் மருந்து ஏற்றுவார்கள். ரத்தத்தின் தெளிந்த நீரான சீரம் சிவந்திருப்பதையோ, ரத்தம் ஐஸில் வந்திருப்பதையோ பார்த்து, "இது நோயாளியின் பொட்டாசியம் இல்லை, வேறு ரத்தம் எடுத்து அனுப்புங்கள்" என்று போன் போடுகிறவர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறவர்தான். சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்தச் சந்தேகமே வராது.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவுச் சோதனையும் அப்படித்தான். சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. குளுக்கோஸை உடைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது, குழாய்க்குள் போன பிறகும் அதை நிறுத்தாது. அப்படியே வைத்துவிட்டால் சர்க்கரை அளவு மணிக்கு மணி குறையும். அதனால்தான் சர்க்கரைச் சோதனைக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால்தான், அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்கிறது. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாக அதிகம் நம் இந்தியர்களுக்கு. நம் வீடுகளுக்கு மிக அருகில் இருக்கும் அறிவியல் இது.

எனக்கு மிகவும் பிடித்த பிரிவு, உடல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவியல். அறுவை அறையிலிருந்து வரும் துண்டை ஃபார்மலினில் நிலைப்படுத்தி, ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, சைலீனில் ஊறவைத்து, உருகிய பாரஃபின் மெழுகில் பதிப்பார்கள். பிறகு மைக்ரோடோம் கருவியில் மூன்று முதல் ஐந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிப்பில் சீவல். பட்டைக்கு அடியில் இருக்கும் காம்பியம் அடுக்கில் உளி படாமல் பட்டையை நீங்கள் சீவுகிறீர்களே, அந்தக் கைப்பக்குவம் இதற்கும் வேண்டும். சீவிய ஏட்டை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றினால் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். நான்கு அடிப்படைத் திசுக்களும் அப்போது பாடநூல் படத்திலிருந்து இறங்கி வந்து கண்முன் நிற்கும். தைராய்டு என்றால் ஒற்றை வரிசைச் செல்கள் சூழ்ந்த இளஞ்சிவப்புக் குளங்கள். கணையம் என்றால் செரிமான நீர் சுரக்கும் நாளமுள்ள பகுதி, அதன் நடுவே வெளிறிய தீவுகள். 1869-இல் பெர்லினில் அந்தத் தீவுகளை முதலில் கண்டு எழுதிய பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது ஒரு மாணவர். அவை எதற்கு என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்துதான் இன்சுலின் வருகிறது.

சேர்வதற்கு உங்கள் மகளின் மதிப்பெண் போதும். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். போட்டி அதிகம், அதனால் தனியார் கல்லூரி ஒன்றையும் பார்த்து வையுங்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்கும் படிப்பா, எம்.கியூ.ஏ. என்ற தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பயிற்சி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லத் தயங்கும் கல்லூரியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் இது பதிவு பெற வேண்டிய தொழில், ஆகவே அங்கீகாரம் இல்லாத சான்றிதழால் பயனில்லை. நிறக்குருடு இல்லை என்று கண் பரிசோதனையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

சிரமமும் உண்டு. ஆரம்பச் சம்பளம் பெரிதில்லை, இரவு ஷிப்ட் வரும், அரசாங்க வேலை நிச்சயம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் இருபத்தொரு வயதில் கையில் தொழில் இருக்கும், வீட்டுப் பத்திரம் அலமாரியில் இருக்கும். மேலே பட்டப்படிப்பு வேண்டுமென்றால் அவள் சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இபிஎஃப் பாரத்தை இப்போது நிரப்ப வேண்டாம். ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள், எழுத்து மூலம் திரும்பக் கேட்போம். மாமாவும் தாராளமாக வரலாம். ஆனால் பிள்ளை என்ன படிக்கப்போகிறாள் என்பதை அவள் வாயாலேயே அவர் கேட்டாக வேண்டும்.