வேலையில் சேருவதற்கு முன் ஒரு நிறுவனத்தைப் பற்றி எப்படி விசாரிப்பது?

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து நியமனக் கடிதம் வந்திருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும், இணையத்தில் தேடியும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டுக்காரனான நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கோவை, பெருந்துறைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கணக்குப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். ஒரு முறை விசாரிக்காமல் சேர்ந்து அவதிப்பட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2017-ல் நான் சேர்ந்த ஓரிடத்தில், சம்பளச் சீட்டில் மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதிக்கென்று 12 சதவீதம் பிடித்தார்கள். மறு ஆண்டு அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தபோது, அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம் என்று பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். கடைசி ஒன்பது மாதங்களுக்கு ஒரு ரூபாய்கூட ஏறியிருக்கவில்லை. புகார் கொடுத்து அந்தத் தொகை வந்து சேர்வதற்குள் அம்மாவின் நகை அடகுக்குப் போய்விட்டது. நான் சேருவதற்கு முந்தைய ஆண்டிலும் அந்த நிறுவனம் இதேபோல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துப் பிறகு மொத்தமாகக் கட்டியிருந்தது என்பதும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தைத்தான். அதில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. பெயரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால், எந்த மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டினார்கள் என்பது வரிசையாக வரும். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. எப்போதோ ஒரு மாதம் சில நாள் தவறியிருந்தால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்து ஒரே நாளில் கட்டும் வழக்கம் திரும்பத் திரும்பத் தென்பட்டால், அங்கே சம்பளமும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்றே எடுத்துக்கொள்வேன். ஆட்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். நேர்காணலில் முந்நூறு பேர் வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு நாற்பது பேருக்கு மட்டும் கட்டினால், மற்றவர்கள் ஒப்பந்தக்காரரின் கணக்கில் இருக்கக்கூடும். நீங்கள் யாருடைய கணக்கில் சேரப்போகிறீர்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து, உங்கள் கடிதத்தின் தலைப்பிலேயே 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட நிறுவன அடையாள எண் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் அது சட்டப்படி கட்டாயம். அந்த எண்ணின் நடுவில் வரும் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகள் மாநிலத்துக்கு உரியவை. கோவைக் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு அவை 'டி', 'இசட்' என்று இருக்கும். "முப்பது வருடப் பாரம்பரியம்" என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் எண்ணில் 2021 என்று இருந்தால் காரணம் கேளுங்கள். பழைய கூட்டாண்மைத் தொழிலைப் புதிதாகப் பதிவு செய்திருக்கலாம், அது குற்றமில்லை. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தார்கள், வங்கிக் கடன் இருக்கிறதா என்பவை தெரியும். கடன் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பருத்தி வரத்து நேரத்தில் கடன் வாங்காத நூற்பாலையைக் காண்பது அரிது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் ஆகவில்லை என்றால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளும், கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பெயரளவில்தான் 'கம்பெனி'. உண்மையில் அவை ஒருவரே முதலாளியாக இருக்கும் தனியுரிமையாகவோ கூட்டாண்மையாகவோ நடப்பவை என்பதால் அந்த அமைச்சகத் தளத்தில் இருக்காது. அவற்றுக்கு ஜி.எஸ்.டி. எண்ணைத் தேடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33-இல் தொடங்கும். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன்கள் தவறாமல் தாக்கலாகின்றனவா என்பதை உள்நுழையாமலே பார்க்கலாம்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. மனிதர்களைப் பற்றி அறிய நேரில் போக வேண்டும். நான் இரண்டாவது வேலை தேடியபோது, குறிச்சி சிட்கோவில் ஒரு தொழிற்சாலைக்கு எதிரே இருந்த பேக்கரியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் மண்கறை மாறாத ஒரு பெரியவரிடம், இங்கே வேலை கிடைத்திருக்கிறது, எப்படி இருக்கும் என்று கேட்டேன். "சம்பளமெல்லாம் ஏழாந் தேதிக்குள்ள வந்துருமுங்க தம்பி. ஆனா ஆபீஸ்ல ஆளு நிக்கறதில்லீங்க. இந்த வருசத்துல மூணாவது அக்கவுண்டன்ட்டுங்க" என்றார். மறுநாள் மேலாளரைச் சந்தித்தபோது, எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் விலகினார் என்று பணிவாகவே கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். நான் மாதம் இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்த பெருந்துறை நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே ஆறு ஆண்டுகள் இருந்தேன்.

நம் பக்கத்தில் விசாரணை என்றாலே சொந்தக்காரர்களிடம் கேட்பதுதான். மாமாவோ பெரியப்பாவோ முதலாளியின் குடும்பத்தைப் பற்றியும், அவர் கோயிலுக்குச் செய்ததைப் பற்றியும், வியாபாரத்தில் நாணயமானவர் என்றும் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆடிட் வேலைக்கு உங்களைக் கூப்பிடுவாரா என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். அவர்களின் சிபாரிசில் சேர்ந்துவிட்டால், பிறகு விலகுவதற்கும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதைவிட, லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தை விட்டு விலகிய இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்பது நல்லது. இணைய மதிப்புரைகள் சரவணம்பட்டிப் பக்கத்துப் பெரிய ஐ.டி. நிறுவனங்களுக்கு உதவும், இருநூறு பேர் வேலை செய்யும் பம்பு கம்பெனிக்கு அதிகம் உதவாது.

சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதை மட்டும் இப்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால், அசலைக் காட்டிச் சரிபார்த்த பிறகு நகல் மட்டுமே தருவேன் என்று எழுதுங்கள். யோசிக்க இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. அதற்கு அவர்கள் பதில் சொல்லும் விதத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.