பானெட்டுக்குள் வெளிச்சம்: ஷோ கார் வேலை பற்றிக் கேள்வி பதில்

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். கண்காட்சிக்குப் போகும் கார்களின் இன்ஜின் அறைக்கு ஒளிரும் மூடிகளும் தகடுகளும் செய்து தருகிறேன். கேட்டுவந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். பானெட் ஓரம் முழுக்க எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினேன். பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

தம்பி, பல்பு நேராகக் கண்ணில் படுகிறது, அதுதான் தப்பு. ஷோ காரில் வெளிச்சம் தெரிய வேண்டும், விளக்கு தெரியக்கூடாது. ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் பாக்ஸ் மூடி, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வரும் மேல்தகடு, இரண்டு ஸ்ட்ரட் டவர் (முன்சக்கர ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் பொருந்தும் மேடு) வளையங்கள், இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள். பானெட்டை மெதுவாக மூடி, எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்க்க அட்டையின் மேல் களிமண் உருண்டை வையுங்கள். நசுங்கிய களிமண்ணின் உயரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். இந்த ஒரு வேலைக்கு நான் முழு நாள் ஒதுக்குவேன்.

கேள்வி: அக்ரிலிக்கில் பெயர் செதுக்கி ஓரத்தில் லைட் கொடுத்தேன். எழுத்து மங்கலாகத்தான் எரிகிறது. எல்இடி பவர் பத்தவில்லையா?

பவர் இல்லை, பெரும்பாலும் ஷீட்தான் காரணம். அக்ரிலிக்கில் இரண்டு வகை உண்டு, அச்சில் ஊற்றிச் செய்யும் காஸ்ட், இயந்திரத்தில் பிதுக்கிச் செய்யும் எக்ஸ்ட்ரூடட். லேசரில் செதுக்கினால் காஸ்ட் ஷீட் பனி படிந்தது போல் வெள்ளையாகும். எக்ஸ்ட்ரூடட் ஷீட் கண்ணாடி மாதிரியே நின்றுவிடும். வெளிச்சம் சிதற வேண்டுமானால் அந்த வெள்ளைப் பொடிப்பு வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அதனால் ஓரத்தில் நுழைந்த ஒளி, மேற்பரப்பில் செங்குத்துக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து படும்போது வெளியே போகாமல் உள்ளேயே பிரதிபலித்து ஓடும். செதுக்கிய இடம் வந்ததும் தடுமாறிச் சிதறி வெளியே வரும். நாம் பார்ப்பது அதைத்தான். ஷீட்டில் ஒரு கீறல் இருந்தால்கூட எழுத்து மாதிரியே எரிவது இதனால்தான். பாதுகாப்புப் பேப்பரைக் கடைசி நிமிடம் வரை உரிக்காதீர்கள்.

எழுத்தைப் பின்பக்கத்தில், இடவலம் மாற்றிச் செதுக்குங்கள். அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். முன்பக்கம் வழவழப்பாக இருந்தால் ஆழத்தில் மிதப்பது போன்ற தோற்றம் வரும். 6 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறைய வேண்டாம். எல்இடி வைக்காத மற்ற ஓரங்களில் அலுமினியம் டேப் ஒட்டினால் ஒளி திரும்பி உள்ளே வரும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் போட்டால் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 120 உள்ளதோ, புள்ளி தெரியாமல் ஒரே கோடாக எரியும் சிஓபி ஸ்ட்ரிப்போ எடுங்கள். அதை அலுமினியம் சேனலில் வைத்து, சேனலின் உதடு ஷீட்டின் முதல் ஒரு சென்டிமீட்டரை மறைக்கும்படி அமையுங்கள்.

கேள்வி: அக்ரிலிக்குக்குப் பதில் பாலிகார்பனேட் போடலாமா? அது சூடு தாங்கும் என்கிறார்களே?

தாங்கும். ஆனால் லேசரில் வெட்டினால் ஓரம் பழுப்பாகிக் கருகும், ஒளி நுழைய வேண்டிய இடமே கெட்டுவிடும். ரூட்டரில் (சுழலும் கத்தியால் வெட்டும் இயந்திரம்) வெட்டி ஓரத்தைப் பாலிஷ் போடப் பொறுமை இருந்தால் செய்யலாம். பிவிசி ஷீட்டை மட்டும் லேசருக்குக் கொண்டு போகவே போகாதீர்கள், நச்சு வாயு வரும்.

கேள்வி: அண்ணா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரி ஆட்டோ ஷோவுக்கு நாங்கள் செய்த ரேடியேட்டர் மேல்தகடு இரண்டு நாளில் நடுவில் தொய்ந்துவிட்டது. இன்ஜினை அணைத்த பிறகுதான் தொய்ந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படி நடக்குமா?

நடக்கும்மா. உங்கள் நண்பர்கள் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். ஓடும்போது காற்றும் ஃபேனும் சூட்டை இழுத்துப் போகின்றன. அணைத்ததும் பெரும்பாலும் இரண்டும் நிற்கும், ஆனால் இன்ஜின் பிளாக்கில் இருக்கும் சூடு அப்படியே மேலே ஏறும். பானெட் மூடியிருந்தால் அந்த முதல் அரை மணி நேரம்தான் மிக மோசமானது. அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் பக்கம் நன்றாக இளகிவிடும். தொடர்ந்து 80 டிகிரிக்கு மேல் இருந்தாலே சொந்த எடையில் வளையத் தொடங்கும். முதன்முதலில் நான் செய்த பேட்டரி மூடியும் இப்படித்தான் போனது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜின் புகை வெளியேறும் சூடான குழாய்) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் வைத்தேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மூடியை இன்றும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலை தொடங்கும் முன், மல்ட்டிமீட்டரின் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும்) ஒயரைத் தகடு வரப்போகும் இடத்தில் டேப் போட்டு ஒட்டி, இருபது நிமிடம் ஓட்டி, அணைத்து, பானெட்டை மூடி, அரை மணி நேரம் அளவெடுப்பேன். 70 டிகிரியைத் தாண்டினால் அங்கே அக்ரிலிக் வைக்க மாட்டேன். அலுமினியத் தகட்டில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒளியைத் தள்ளி வைப்பேன். லேசர் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரைப் பளபளக்கும் உலோகத்தில் நம்பாதீர்கள், குறைவாகக் காட்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

இன்னொன்று, சூட்டில் அக்ரிலிக் விரியும். போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வையுங்கள். இறுக்கி முடுக்கினால் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும்.

கேள்வி: பேட்டரியிலிருந்து நேராக ஒயர் எடுத்தால் போதாதா? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?

கணக்குப் போட்டுவிடுவோம். உதாரணத்துக்கு, 5050 என்ற அளவு எல்இடி உள்ள ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்இடி என்றால் மீட்டருக்குச் சுமார் 14.4 வாட். வேறு ஸ்ட்ரிப் என்றால் அதன் வாட்டை வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டரை மீட்டருக்கு 36 வாட். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர், சரியாக இருக்கும். ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் பாடியில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை, வண்டி எரியும். ஒயருக்குக் கொருகேட்டட் ஸ்லீவ் (நெளி குழாய் உறை) போடுங்கள், தகரம் வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் ஓரத்தை மூடும் வளையம்) போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அப்புறம், இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது 12 வோல்ட் இல்லை, 14-க்கு மேல். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாக ஒரு ரெசிஸ்டருடன் இருக்கும். இரண்டு வோல்ட் கூடினால் கரண்ட் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். "ஆறு மாதத்தில் பாதி எல்இடி செத்துவிட்டது" என்று வருபவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நிலையாக 12 வோல்ட் தரும் கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள்.

கேள்வி: மலேசியாவில் கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். புரோட்டான் கார் வைத்திருக்கிறேன். நிறம் மாறி ஓடும் எல்இடி போட்டேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கண்டபடி மின்னுகிறது.

இக்னிஷனின் மின் இரைச்சல் டேட்டா ஒயரில் (நிறம் மாற்றும் கட்டளை போகும் ஒயர்) ஏறுகிறது. டேட்டா ஒயரை இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக் ஒயர் ஆகியவற்றின் பக்கத்திலிருந்து விலக்குங்கள். கன்ட்ரோலரையும் ஸ்ட்ரிப்பையும் ஒரே இடத்தில் எர்த் செய்யுங்கள். டேட்டா ஒயர் ஸ்ட்ரிப்பில் நுழையும் இடத்தில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. புதிதாக வாங்குவதானால் டபிள்யூஎஸ்2815 ஸ்ட்ரிப் வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடும், ஒரு எல்இடி போனாலும் அடுத்தது எரியும்.

கேள்வி: கண்காட்சியில் எட்டு மணி நேரம் எரிய விட வேண்டும். பேட்டரி தாங்குமா?

3 ஆம்பியர், எட்டு மணி நேரம், 24 ஆம்பியர் ஹவர். சிறிய பெட்ரோல் காரில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பக்கம். சாயங்காலம் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மின்சாரம் கிடைக்கும் இடமானால் 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) வெளியே வைத்து விளக்குக்கு மட்டும் தனி பிளக்கில் கொடுங்கள். கிடைக்காத இடத்துக்கு 30 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று தனியாக.

கேள்வி: ரோட்டில் போலீஸ் பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே தெரியும் கூடுதல் விளக்கு, அதிலும் சிவப்பு நீல மின்னல், வேண்டவே வேண்டாம். பானெட் மூடியதும் தானாக அணையும் புஷ் சுவிட்சை ரிலேயோடு போடுங்கள். கிரில் வழியே கசியும் வெளிச்சமும் நின்றுவிடும்.

கேள்வி: என்னிடம் 1990-களின் கான்டெசா இருக்கிறது. எனக்கு வயது 61. இதெல்லாம் அந்த வண்டிக்குப் பொருந்துமா?

பொருந்தும் சார், ஆசையாக இருக்கிறது. வண்ணம் மாறும் விளக்கு மட்டும் வேண்டாம். 3000 கெல்வின் மஞ்சள் வெள்ளை, மேல்தகட்டில் பழைய எழுத்து வடிவில் பெயர். பழைய வண்டியின் குரோமும் பெயின்ட்டும் அந்த வெளிச்சத்தில்தான் நிறம் காட்டும். பாடியில் புது ஓட்டை போடாமல், இருக்கும் போல்ட்டுகளிலேயே பிராக்கெட் மாட்டுங்கள். ஒயரிங் பழையதாக இருக்கும், அதைத் தொடாமல் தனி லைன் இழுங்கள்.

கேள்வி: எண்ணெய்க் கறை படிந்தால் பெட்ரோலில் துடைக்கலாமா?

கூடாது. பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எது பட்டாலும் லேசர் வெட்டிய ஓரங்களில் மயிரிழை விரிசல் கிளம்பும், அதுவும் இரவில் எழுத்து மாதிரி எரியும். சோப்புத் தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி. இன்ஜின் ஆறிய பிறகு.