பழைய லீஃப் கார்ல ரேஞ்ச் ஏன் தாவுது, ஆப் ஏன் வேலை செய்யல?

அமெரிக்காவுல 2011 மாடல் நிசான் லீஃப் எலக்ட்ரிக் கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்க, ரேஞ்ச், அதாவது மிச்சமிருக்குற சார்ஜ்ல எவ்வளவு தூரம் போகும்னு காட்டுற நம்பர், கண்டபடி மாறுது, போன் ஆப்பும் கனெக்ட் ஆகல, பேட்டரி போயிடுச்சான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேற வேற விஷயம்ங்க.

டேஷ்போர்டுல தெரியுற ரேஞ்ச் இனிமே போகப்போற ரோட்டைப் பாத்து சொல்றதில்ல, இதுவரைக்கும் எப்படி ஓட்டுனீங்கன்னு வச்சுப் போடுற கணக்கு, மலையிலருந்து இறங்கி வந்திருந்தா நெறய காட்டும், திரும்ப ஏற ஆரம்பிச்சா சரசரன்னு கொறையும், ஹீட்டர் போட்டா இன்னும் மோசம். 24 கிலோவாட் அவர் பேட்டரிக்கு அரசு கணக்கே 117 கிமீ தான், அதுல 20 கிமீ தப்புன்னா நடுரோட்டுல நிக்கணும். அதனால அந்த நம்பரை விட்டுட்டு பக்கத்துல இருக்குற 12 சார்ஜ் கட்டத்தைப் பாத்து ஓட்டுங்க.

ஆப் கதை வேற. கார்க்குள்ள இருந்தது 2ஜி மோடம், அதாவது செல்போன் நெட்வொர்க் வழியா ஆப்போட பேசுற கருவி, அமெரிக்க போன் கம்பெனி ஏடி அண்ட் டி 2017 ஜனவரி 1ல 2ஜியை மூடிட்டாங்க, மோடம் மாத்தாத காருக்கெல்லாம் அதோட தொடர்பு போச்சு. சார்ஜிங் ஸ்டேஷன் லிஸ்ட் அப்டேட் ஆகுறதும் அது வழியாத்தான், அதான் நேவிகேஷன்ல பழைய இடமாவே வருது. நல்லா ஓடுற காரை இப்படிப் பாதியில விட்டது எனக்கு ரொம்ப வருத்தம். குளிர்காலத்துல பிளக்ல இருக்கும்போதே காரை சூடு பண்ண உள்ளயே டைமர் இருக்கு, அதுக்கு ஆப் தேவையில்ல.